படகு வரும்வரை உட்கார்ந்திருந்தீர்களா?

சென்ற இதழில் ஒரு வாசகர், 'ஊரே திட்டி, உங்களுக்கு மட்டும் பிடித்த படம் எது?' என்று கேட்டிருந்தார். 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் இரண்டாவது படம் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களை மேஜைமேல் இரண்டு அடுக்காக வைத்திருக்கிறேன். திட்டு இடப்பக்கம், 'அப்பாடா, எனக்குத் துணைக்கு ஓர் ஆள்' என்பவை வலப்பக்கம். இடப்பக்கம்தான் உயரம். ஆகவே இந்த முறை வேறு கேள்விகளுக்கு இடமில்லை.

கேள்வி: நான் தொடரையும் பார்த்ததில்லை, படத்தையும் பார்த்ததில்லை. எதற்கு இவ்வளவு சண்டை?

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 1993 செப்டம்பரில் தொடங்கிய தொடர். உருவாக்கியவர் கிறிஸ் கார்ட்டர். எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் அடித்தளத்தில், யாரும் எட்டிப்பார்க்காத ஓர் அறையில் மல்டர் என்ற அதிகாரி விளக்கம் கிடைக்காத வழக்குகளைத் துழாவிக்கொண்டிருப்பார். சிறுவயதில் காணாமல்போன தங்கையை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போய்விட்டார்கள் என்று நம்புகிறவர். அவரைக் கண்காணிக்க அனுப்பப்பட்டவர் ஸ்கல்லி. மருத்துவம் படித்தவர், எதையும் கையில் பிடித்துப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வார். டேவிட் டுகோவ்னியும் ஜில்லியன் ஆண்டர்சனும் இந்த வேடங்களில் உலகப் புகழ் பெற்றார்கள். 9 சீசன் ஓடி 2002 மே மாதம் முடிந்தது. நடுவில் 1998-ல் ஒரு படம். அப்புறம் 2008 ஜூலை 25-ல் இரண்டாவது படம், 'ஐ வான்ட் டு பிலீவ்'. அந்த இரண்டாவது படத்தில் வேற்றுக்கிரகவாசி ஒருவர்கூடக் கிடையாது. சண்டை அதற்குத்தான்.

கேள்வி: 2012 டிசம்பர் 22-ல் வேற்றுக்கிரகப் படையெடுப்பு என்று கடைசி எபிசோடில் தேதியே குறித்துக்கொடுத்தார்கள். ஆறு வருஷம் காத்திருந்து படத்துக்குப் போனால், உடல் உறுப்பு திருடும் கும்பல் கதை! இதைப் பிடித்திருக்கிறது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

உங்கள் கடிதம் இடப்பக்க அடுக்கில் மேலேயே இருக்கிறது. கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

இந்தத் தொடர் ஆரம்பத்திலிருந்தே ஒரே பெயரில் ஓடிய இரண்டு தொடர்கள். ஒன்று, அரசாங்கச் சதி, வேற்றுக்கிரகவாசிகள், சிகரெட் புகைக்கும் மர்ம மனிதர் என்று சீசன் சீசனாக நீளும் பெருங்கதை. ரசிகர்கள் இதை 'மித்தாலஜி' என்பார்கள். இன்னொன்று, ஒரு வாரம் ஒரு பூதம், அந்த வாரத்தோடு கணக்கு முடிந்தது. இதற்கு 'மான்ஸ்டர் ஆஃப் தி வீக்' என்று பெயர். எண்ணிக்கையில் இரண்டாவது வகைதான் அதிகம். 1998 படம் பெருங்கதையில் ஓர் அத்தியாயம். 2008 படம் வேண்டுமென்றே தனிக்கதை. நான் வாரத்துக்கு ஒரு பூதம் கட்சி. பெருங்கதை எபிசோட் வந்தால், யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தால்கூட அடுத்த வாரம் புரியாது. ஏழாவது சீசனில் அந்த நோட்டைத் தூக்கிப்போட்டேன். உங்களைப் போன்றவர்கள் நோட்டை விடாமல் வைத்திருந்தவர்கள். பாக்கி வசூலிக்கத் தியேட்டருக்குப் போனீர்கள், கடன்காரர் வேறு பேச்சு பேசினார். கோபம் வரத்தானே செய்யும்?

ஒன்று மட்டும் உங்கள் பக்கம் நின்று சொல்கிறேன். தப்பு தலைப்பில் இருக்கிறது. மல்டரின் அறைச் சுவரில் பறக்கும் தட்டு படம் போட்ட போஸ்டர் இருக்குமே, அதில் உள்ள வாசகம்தான் 'ஐ வான்ட் டு பிலீவ்'. நம்ப ஆசைப்படுகிறேன். பறக்கும் தட்டுக்குக் கீழே இருந்த வரியை எடுத்துப் படத்துக்குப் பெயராக வைத்துவிட்டு, தட்டை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் எப்படி?

கேள்வி: மல்டரும் ஸ்கல்லியும் சேர வேண்டும் என்று தவம் கிடந்தவள் நான். எங்களைப் போன்றவர்களுக்குப் படம் பிடித்திருக்க வேண்டுமே? எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டிலேயே உங்களைப் போல ஒருவர் உண்டு. என் அக்கா.

இந்தத் தொடரின் ரசிகர்கள்தான் 'ஷிப்பர்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர்கள். ஜோடி சேர வேண்டும் என்பவர் ஷிப்பர். வேண்டவே வேண்டாம், வேலையைப் பார்க்கட்டும் என்பவர் 'நோரோமோ'. நானும் அக்காவும் ஒரே சோபாவின் இரண்டு முனைகள். 1998 படத்தில் வீட்டு வாசல் நடையில் இரண்டு முகமும் நெருங்கி, இன்னும் ஒரு விரல்கடை தூரம் என்கிறபோது ஸ்கல்லியின் காலருக்குள் இருந்த தேனீ கொட்டிவிடும். அக்கா ரிமோட்டைத் தரையில் போட்டுவிட்டு எழுந்துபோனாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்கு அவள் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பிறகு ஏழாவது சீசனில் புத்தாண்டு இரவில் ஒரு சின்ன முத்தம், அப்புறம் ஒரு குழந்தை, அந்தக் குழந்தையைத் தத்துக்கொடுத்த துயரம் என்று தொடர் எங்கெங்கோ போயிற்று.

இரண்டாவது படத்தின் டிவிடியை இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். மல்டர் தாடியோடு ஒரு வீட்டில் ஒளிந்து வாழ்கிறார். செய்தித்தாளைக் கத்தரித்து ஒட்டுகிறார், கூரையில் பென்சில் குத்தி நிற்கிறது (பழைய அலுவலக அறையிலும் இதே வேலைதான்). ஸ்கல்லி மருத்துவமனையிலிருந்து அந்த வீட்டுக்குத்தான் வருகிறார். கொஞ்ச நேரம் கழித்து ஒரே கட்டிலில் இருவரும். ஸ்கல்லிக்குத் தூக்கம் வரவில்லை. தீராத மூளை நோயில் கிடக்கும் ஒரு சிறுவனை நினைத்துப் புரண்டுகொண்டிருக்கிறார். பேச்சு மெல்ல, அவர்கள் இழந்த மகன் பக்கம் திரும்புகிறது. மல்டர் முத்தம் கொடுக்க வந்தால், தாடி குத்துகிறது என்கிறார் ஸ்கல்லி. மறுநாள் மல்டர் முகத்தில் தாடி இல்லை.

நான் அந்தக் காட்சியை அன்றே இரண்டு முறை ஓட்டிப்பார்த்தேன். நோரோமோ கட்சியில் இருந்து நான் விலகிய இடம் அது. அக்காவோ, "என்னடா இது, கல்யாணத்தைக் காட்டாம நேரா முப்பது வருஷக் குடித்தனத்தைக் காட்டுறாங்க" என்றாள். உங்கள் 'ஏனோ'வுக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சேரும் கணத்துக்காகத் தவம் கிடந்தவர்களிடம், சேர்ந்து ரொம்ப நாளாயிற்று என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: சிறுவர்களைச் சீரழித்த ஒரு பாதிரியாருக்குத் தெய்வக் காட்சிகள் வருவதாகக் கதை எழுதியது அருவருப்பாக இல்லையா?

அருவருப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தப் படத்தில் நெஞ்சில் நின்றதும் அந்தப் பகுதிதான்.

ஆரம்பக் காட்சியை நினைத்துப் பாருங்கள். பனி மூடிய வெட்டவெளி. எஃப்.பி.ஐ. ஆட்கள் வரிசையாக நின்று, ஒவ்வோர் அடிக்கும் கம்பியைப் பனிக்குள் குத்திக் குத்தி முன்னேறுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் வெள்ளை முடி கலைந்த ஒரு கிழவர் தடுமாறி ஓடுகிறார், நிற்கிறார், மண்டியிட்டுத் தோண்டுகிறார். கிடைப்பது ஒரு துண்டிக்கப்பட்ட கை. அந்தக் கிழவர்தான் ஃபாதர் ஜோ. நடித்தவர் பில்லி கானலி, மேடையில் சிரிக்க வைப்பதற்குப் பெயர்போன ஸ்காட்லாந்துக்காரர். இதில் ஓர் இடத்தில்கூட நம்மைச் சிரிக்க விடமாட்டார்.

அவருக்கு உண்மையிலேயே காட்சி தெரிகிறதா, குற்றவாளிகளோடு தொடர்பா, அல்லது மன்னிப்புக்காக நடிக்கிறாரா? ஸ்கல்லி கத்தோலிக்கர். அவரால் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. மல்டர் எப்போதும்போல நம்பத் தயார். தொடரில் இருநூறு எபிசோடுக்கு நடந்த அதே வாக்குவாதம்தான், ஆனால் இந்த முறை நம்புவதற்கு ஒரு விலை இருக்கிறது. இந்த ஆளை நம்பினால், கடவுள் இவனிடம் பேசுகிறார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கல்லி மறுப்பது அறிவியலால் அல்ல, ஆத்திரத்தால். ஒன்பது சீசனில் நான் அவரை இவ்வளவு நெருக்கத்தில் பார்த்த ஞாபகம் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறு. ஃபாதர் ஜோவிடம் சிறுவயதில் சிக்கிய ஒருவனைத்தான் கதை வில்லன் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறது. சாகக்கிடக்கும் அவன் தலையைப் பெண்ணின் உடலில் பொருத்தத்தான் அவனுடைய ஆண் துணைவன் பெண்களைக் கடத்துகிறான். ஓரினச் சேர்க்கையையும் சிறுவயதுக் கொடுமையையும் கொலையையும் ஒரே முடிச்சில் போட்டது சோம்பேறித்தனமான எழுத்து. தன்பால் ஈர்ப்புள்ள ரசிகர்கள் காயப்பட்டதில் வியப்பில்லை. என் வலப்பக்க அடுக்கில் உள்ளவர்கள் இதைப் பேச்சே எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: அந்த மூளை நோய்ச் சிறுவனுக்கான சிகிச்சை முறையை ஸ்கல்லி கூகுளில் தேடி, மறுநாள் அறுவை சிகிச்சைக்குப் போகிறாரே?

அதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. நானும் சிரித்தேன்.

கேள்வி: ரசிகர்கள் கைவிட்டதால்தான் படம் விழுந்ததா?

ரசிகர்கள்மேல் முழுப் பழியும் போடமாட்டேன். முதல் படத்துக்குச் சுமார் 6.6 கோடி டாலர் செலவு, உலகம் முழுக்க 18 கோடிக்கு மேல் வசூல். இரண்டாவது படத்துக்கு 3 கோடி செலவு. வந்தது 6.8 கோடி. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 1 கோடி டாலர் தான். ஒரு வாரம் முன்பு, ஜூலை 18-ல், பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' இறங்கியிருந்தது. அதற்குப் பக்கத்தில் எது நின்றாலும் தெரிந்திருக்காது. படம் முழுக்கப் பனி. அதை அவர்கள் ஊர்க் கோடை விடுமுறையில் வெளியிட்டார்கள். இருட்டிக்கொண்டு வரும் மாலையில் போர்வைக்குள் பார்க்க வேண்டிய கதை அது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் 2007 நவம்பரில் தொடங்கி மறுவருடம் பிப்ரவரிவரை நடந்தது. படப்பிடிப்பு டிசம்பரில், வான்கூவரில், தொடரின் முதல் ஐந்து சீசன் எடுத்த அதே பிரதேசத்தில். எழுதியவர்கள் கார்ட்டரும் ஃப்ராங்க் ஸ்பாட்னிட்ஸும். வேலைநிறுத்தம் நடக்கும்போது அவர்கள் பேனாவைத் தொட முடியாது. வில்லன் பகுதி முதல் வரைவு மாதிரியே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதற்கு இதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம்.

எல்லா விமர்சகர்களும் கிழித்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லோரும் இல்லை. ரோஜர் ஈபர்ட் நாலுக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். பெரிய இடத்தில் ஒரு துணை கிடைத்த சந்தோஷத்தில் அதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவரும் உன்னை மாதிரி நோட்டைத் தூக்கிப் போட்டவரா இருப்பார்" என்றாள்.

கேள்வி: தொடரிலிருந்து வந்த படங்களில் இப்படி ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தது வேறு உண்டா?

'ட்வின் பீக்ஸ்' இருக்கிறதே. 1991-ல் தொடரை அந்தரத்தில் விட்டு நிறுத்தினார்கள். 1992-ல் டேவிட் லிஞ்ச் படம் எடுத்தபோது, நாயகன் கூப்பருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஓடினார்கள். லிஞ்சோ கதையைப் பின்னால் இழுத்து, தொடரில் கொலையான பெண்ணின் கடைசி நாட்களைக் காட்டினார். கூப்பர் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனார். அன்று காறித்துப்பியவர்கள் பலர், இன்று அதை லிஞ்சின் சிறந்த படங்களில் வைக்கிறார்கள். எக்ஸ் ஃபைல்ஸ் படத்துக்கும் அப்படி ஒரு காலம் வரும் என்று நான் சொல்லவரவில்லை. இது அவ்வளவு பெரிய படம் இல்லை. 104 நிமிடம் ஓடும் ஒரு நல்ல 'வாரத்துக்கு ஒரு பூதம்', அவ்வளவுதான்.

கேள்வி: சரி, உங்களை நம்பி மறுபடி பார்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

எஃப்.பி.ஐ. தலைமையகத்தில் மல்டரும் ஸ்கல்லியும் ஒரு கதவுக்கு வெளியே காத்திருப்பார்கள். சுவரில் அன்றைய அதிபர் புஷ்ஷின் படம். இருவரும் அதைப் பார்க்கும்போது, தொடருக்கு இசையமைத்த மார்க் ஸ்னோவின் அந்த விசில் இசை ஒரு கணம் கேட்கும். தொடரின் குறும்பு அப்படியே இருக்கும் ஒரே இடம். கடைசியில் பனியில் நடுங்கும் மல்டரை, அவருடைய பழைய எஃப்.பி.ஐ. மேலதிகாரி ஸ்கின்னர் மார்போடு அணைத்துக்கொள்வதையும் பாருங்கள்.

முக்கியமாக, பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடாதீர்கள். பனி மெல்ல உருகிக் கடலாகும். நீலத் தண்ணீரில் ஒரு சின்னத் துடுப்புப் படகு. மல்டர் துடுப்புப் போடுகிறார், எதிரே நீச்சலுடையில் ஸ்கல்லி. மேலே நிமிர்ந்து பார்த்து இருவரும் கையை ஆட்டுவார்கள்.

அக்கா அன்று பெயர்கள் வந்ததுமே டிவிடியை நிறுத்திவிட்டாள். 2016-ல் தொடர் ஆறு எபிசோடோடு திரும்பி வந்தபோது மல்டரும் ஸ்கல்லியும் பிரிந்துவிட்டதாகக் காட்டினார்கள். அன்று ராத்திரியே போன் செய்தாள். "டேய், இவங்க என்னிக்குடா சந்தோஷமா இருந்தாங்க, இப்ப பிரியறதுக்கு?" என்றாள். படகைப் பார்த்தாயா என்றேன். எந்தப் படகு என்றாள். எட்டு வருஷம்! பழைய டிவிடியைத் தேடி எடுத்துப் போடச் சொன்னேன். அரைமணி கழித்து மறுபடி போன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"கை ஆட்டுறாங்களே, யாருக்குடா?" என்றாள் அப்புறம்.

"உனக்குத்தான்" என்றேன்.

"போடா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.