ஜேவோன் ஏன் விலகிப் போனான்? (கடிதம்)

வணக்கம் அக்கா,

நான் கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன், வயது 46. என் அக்கா மகள் சொல்லி ‘தி எய்த் சென்ஸ்’ கொரியத் தொடரைப் பார்த்தேன். இரண்டு கல்லூரிப் பையன்களின் காதல் கதை, ‘பாய்ஸ் லவ்’, சுருக்கமாக பிஎல் என்கிற வகை. இதை நான் ஏன் பார்க்கிறேன் என்று யோசித்தபடிதான் ஆரம்பித்தேன், கடைசி எபிசோடுகளில் விம்மி விம்மி அழுதுவிட்டேன். ஆபீஸ் தோழியிடம் சொன்னால் சிரிக்கிறாள். “இந்த பிஎல் எல்லாம் பொம்பளைங்களுக்காகப் பொம்பளைங்க செய்ற கற்பனை, கொரியாவில் நிஜத்தில் இப்படி நடக்கவிடுவார்களா” என்கிறாள். நான் ஏமாந்துதான் அழுதேனா? இன்னொன்று, அந்த ஜேவோன் ஏன் ஜிஹ்யுனை அப்படி வெட்டிவிட்டுப் போகிறான்? அவன்மேல் எனக்கு அவ்வளவு எரிச்சல். அடுத்து என்ன பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் தோழி சொல்வதில் பாதி சரி. பிஎல் என்கிற வகை ஜப்பானில் 1970களில் பெண் காமிக்ஸ் கலைஞர்கள் பெண் வாசகிகளுக்காக வரைந்ததிலிருந்து கிளம்பியது. கொரியாவில் அதற்குச் சொந்தக் கிளை ஒன்றும் உண்டு: 90களின் கடைசியில் பாய்ஸ் பேண்ட் ரசிகைகள் தங்களுக்குப் பிடித்த பாடகர்களை ஜோடி சேர்த்து இணையத்தில் எழுதிக் குவித்த கதைகள், அப்புறம் இணைய நாவல், வெப்டூன் (இணையக் காமிக்ஸ்) என்று வளர்ந்தது. 2020இல் வந்த ‘வேர் யுவர் ஐஸ் லிங்கர்’தான் அங்கே முதல் பிஎல் தொடர் என்பார்கள். ஒரு எபிசோட் பத்து நிமிடச் சொச்சம். 2022இல் ‘செமாண்டிக் எரர்’ பெரிய ஹிட் ஆனதும்தான் தயாரிப்பாளர்களுக்குத் தைரியம் வந்தது. பெரும்பாலும் புதுமுகங்கள், சின்ன பட்ஜெட். இவற்றில் பலவற்றில் ஒரு சௌகரியமும் இருக்கும், பையனுக்குப் பையன்மேல் காதல் வந்தால் ஊர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படி ஓர் உலகத்தைக் கற்பனை செய்து பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது.

மீதிப் பாதிதான் இடிக்கிறது. கிம் ஜோ குவாங்-சூ என்று ஒரு கொரிய இயக்குநர். 2013இல் சியோல் நகரின் நடுவே, ஊரறியத் தன் காதலரான இன்னொரு ஆணைக் கல்யாணம் செய்துகொண்டவர். பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள், 2016இல் கோர்ட்டும் கைவிரித்தது. அதே மனிதர்தான் 2022இல் ‘தி நியூ எம்ப்ளாயி’ என்ற பிஎல் தொடரை இயக்கினார். இதையும் பொம்பளைக் கற்பனை என்று ஒதுக்குவாரா உங்கள் தோழி? கேட்டுப் பாருங்கள்.

சரி, ஜேவோனுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த எரிச்சல்தான்.

இந்தத் தொடர் (2023, பத்து எபிசோட், எழுதி இயக்கியவர்கள் இனு பேக், வெர்னர் டு பிளெஸ்ஸி) ஜேவோனை நமக்கு எப்படி அறிமுகம் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ராணுவ சேவை முடித்துக் கல்லூரிக்குத் திரும்பியிருக்கும் சீனியர். அழகன், வசதியான வீட்டுப் பையன், சர்ஃபிங் கிளப்பில் எல்லாருக்கும் அவன்தான் செல்லம். யாரிடமும் முகம் சுளிக்காமல் சிரிக்கிறான். கிராமத்திலிருந்து சியோலுக்கு வந்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஜிஹ்யுன் அவனைப் பார்த்து மயங்குவதில் ஆச்சரியமே இல்லை, நாமும்தான் மயங்குகிறோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஆளே இல்லை என்பது கவுன்சிலர் முன்னால் அவன் உட்கார்ந்திருக்கும் காட்சிகளில்தான் மெல்ல மெல்லத் தெரிகிறது. மன அழுத்தம் என்றால் இருட்டறையில் அழுதுகொண்டு கிடப்பது என்றே நம் சீரியல்கள் பழக்கிவிட்டன. இங்கே அது மரியாதையாகப் பேசுகிறது, பார்ட்டிக்குப் போகிறது, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வருகிறது. ஜேவோனாக வரும் லிம் ஜி-சப் இதைக் கண்ணிலேயே நடித்திருக்கிறார், உதடு சிரிக்கும்போது கண் எங்கோ போய்விடுகிறது.

தம்பியைப் பறிகொடுத்தவன் அவன். தான் தப்பிப் பிழைத்ததே குற்றம் என்று உள்ளுக்குள் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறான். உங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே இருக்கிறான், அசல் ஒரு பைசா குறையவில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஜிஹ்யுன் கிடைக்கிறான், கொஞ்ச நாள் நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறான், அந்த நேரம் பார்த்து ஜிஹ்யுனுக்குக் கடலில் விபத்து. நமக்கு அது விபத்து. அவனுக்கு அது நிரூபணம்: நான் தொட்டால் கெட்டுப்போகும், அப்போதே தெரியுமே. அதனால்தான் விலகுகிறான். அவனைப் பொறுத்தவரை ஜிஹ்யுனைக் காப்பாற்றுகிறான், எதிரில் இருக்கிறவனுக்கோ அது சுத்தமான கொடுமையாகத்தான் தெரியும். உங்களுக்கு எரிச்சல் வந்ததென்றால் நீங்கள் ஜிஹ்யுன் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள், அங்கிருந்து பார்த்தால் எரிச்சல் வரத்தான் வேண்டும். மன நோயாளி ஒருவரோடு வாழ்ந்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இந்த எரிச்சலைத்தான் சொல்வார்கள், அதைச் சொன்னதற்காக வெட்கப்படவும் செய்வார்கள்.

எனக்கு இந்தத் தொடர்மேல் மரியாதை வந்த இடமும் இதுதான். காதல் வந்தது, நோய் போனது என்று கதையை முடித்துக்கொள்வது எவ்வளவு சுலபம்! அதைச் செய்யவில்லை. ஜிஹ்யுனால் ஜேவோனைக் குணப்படுத்த முடியாது. அன்பாக இருக்கலாம், காத்திருக்கலாம், அவ்வளவுதான். மீதியை ஜேவோன் தானே உட்கார்ந்து, கவுன்சிலரிடம் வாய் திறந்து, அப்பாவின் எதிர்பார்ப்பிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு செய்தாக வேண்டியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பழைய காதலி உன்ஜியை வெறும் வில்லியாக்கி வைத்திருக்கிறார்கள், அந்தப் பெண்ணுக்கும் ஒரு மனசு இருக்கும் என்று யோசிக்க நேரமில்லை போல. ஆனால் ஜிஹ்யுன் வேலை செய்யும் கடைக்கார அம்மாவை மறக்க முடியவில்லை, அவனைத் தன் பிள்ளை மாதிரியே பார்க்கிறார்.

“கொரியாவில் நடக்கவிடுவார்களா” என்ற கேள்வி நியாயமானது. அங்கே நடிகர் ஹோங் சியோக்-சியோன் 2000இல் தான் ஓர்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னதும் டிவி நிகழ்ச்சிகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். ராணுவக் குற்றவியல் சட்டத்தில் 92-6 என்று ஒரு பிரிவு, சிப்பாய்களுக்குள் இப்படி உறவு இருந்தால் இரண்டு வருடம் வரை சிறை. முகாமுக்கு வெளியே சம்மதத்தோடு நடந்ததற்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. ஆனால் 2023இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று நான்காவது தடவையாகச் சொல்லிவிட்டது. கொரிய ஆண் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லாரும் ஒன்றரை வருடமாவது ராணுவத்தில் இருந்தே ஆக வேண்டும். ஜேவோனும் அங்கிருந்துதான் திரும்பி வந்திருக்கிறான். தொடர் சட்டம் பேச வந்ததல்ல, ஆனாலும் தன்னை மறைத்துக்கொண்டு சிரிக்க அவன் எங்கெல்லாம் பழகியிருப்பான் என்பது கொரியப் பார்வையாளருக்கு யாரும் எடுத்துச் சொல்லாமலே தெரியும். இன்னொரு பக்கம், 2024 ஜூலையில் அதே உச்ச நீதிமன்றம் ஓர்பாலின இணையருக்கும் தேசிய மருத்துவக் காப்பீட்டில் சார்ந்தவர் என்ற இடம் உண்டு என்று தீர்ப்பளித்தது. கல்யாணத்துக்கு மட்டும் இன்னும் அங்கீகாரம் இல்லை.

ஆக நீங்கள் ஏமாறவில்லை. கற்பனைக் கதைக்குள் நிஜமான ஒரு நோயாளியை உட்கார வைத்திருந்தார்கள், அவனுக்காக அழுதீர்கள்.

அடுத்துப் பார்க்க: ‘லவ் இன் தி பிக் சிட்டி’, 2024இல் வந்த தொடர், எட்டு எபிசோட். அதே பெயரில் அதே வருடம் ஒரு சினிமாவும் வந்தது, மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். பார்க் சாங்-யங் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார், நான்கு இயக்குநர்கள் ஆளுக்கு இரண்டு எபிசோட் எடுத்தார்கள். பழமைவாத அமைப்புகள் போட்ட கூச்சலில் டிரெய்லரையே கொஞ்ச நாள் இறக்கி வைக்க வேண்டி வந்தது. இது பிஎல் இல்லை, ஊர் கண்டுகொள்ளாத அந்தச் சௌகரியம் இதில் துளியும் கிடையாது. நாயகனுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவே நடப்பதைப் பார்க்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது. உங்கள் தோழியையே கூப்பிடுங்களேன்.