சோப்பைக் குறையுங்கள், அலசலைக் கூட்டுங்கள்: துணி துவைப்பது பற்றிய கேள்வி பதில்

முதன்முறையாகத் தங்கள் துணியைத் தாங்களே துவைக்கத் தொடங்கியிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்லும் நான் சலவைக்கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவள். இஸ்திரி பற்றிக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும்.

விடுதி மாணவர்: அக்கா, என்னிடம் ஒரு வாளியும் ஒரு பாக்கெட் சோப்புத்தூளும் இருக்கின்றன. மெஷின் கிடையாது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: சட்டைப் பையிலிருந்து தொடங்குங்கள் தம்பி. உள்ளே மறந்துபோன ஒரு துண்டுக் காகிதம் போதும், வாளியில் உள்ள அத்தனை துணியிலும் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொள்ளும். பிறகு வெள்ளை, வெளிர் நிறம், அடர் நிறம் என்று பிரித்து, அதே வரிசையில் துவையுங்கள். புதுத்துணியை முதல் சில தடவை தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

தூள் தண்ணீரில் முழுக்கக் கரைந்த பிறகு துணியை முக்குங்கள். துணிமேல் தூவினால் கரையாத துகள் மடிப்பில் சிக்கி, அடர்நிறத் துணியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். அரை மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் துவைக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். வெளியே வந்த அழுக்கு திரும்பத் துணியிலேயே படியும், சாயம் இறங்கும், வாடையும் வரும்.

கசக்கும்போது முழுச்சட்டையோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அழுக்கு தங்குவது காலரின் உள்பக்கம், கைப்பட்டி, அக்குள், கால்சட்டையின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில்தான். அங்கே மட்டும் தேய்த்துவிட்டு மீதியைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி அமுக்கி எடுத்தால் சரி.

அலசுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் நன்றாகப் பிழிந்துவிட்டு அடுத்த தண்ணீரில் போடுங்கள். சொட்டச் சொட்டப் போட்டால் பழைய சோப்புத் தண்ணீரும் கூடவே போகும். கடைசியில் காலரை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து பாருங்கள். காலர் இரட்டைத் துணி, உள்ளே விறைப்புக்கு இன்னொரு துணி வேறு வைத்துத் தைத்திருப்பார்கள். சட்டையில் சோப்பைக் கடைசிவரை பிடித்துவைத்திருக்கும் இடம் அது. சொட்டும் தண்ணீர் விரலில் வழுக்கினால் இன்னும் ஓர் அலசல் பாக்கி என்று அர்த்தம்.

தனிக்குடித்தனம் வந்தவர்: நுரை பொங்கினால்தான் எனக்குத் துவைத்த மாதிரி இருக்கிறது. பாக்கெட்டில் சொன்னதைவிட ஒரு கரண்டி கூடப் போடுகிறேன். தப்பா?

பதில்: தப்புதான். அழுக்கை எடுப்பது நுரை இல்லை. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் பிசுக்கைச் சூழ்ந்து கவ்விக்கொள்ள, மறுமுனைகள் அதைத் துணியிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு கொண்டுபோகின்றன. இருக்கிற பிசுக்குக்குப் போதுமான சோப்பு போட்டாகிவிட்டால், கூடுதலாகப் போடுவதற்கு அங்கே வேலை கிடையாது. அது துணியிலேயே தங்கித் துணியை விறைக்கவைக்கும், சிலருக்கு உடம்பு அரிக்கும், புது அழுக்கையும் இழுத்து ஒட்டவைக்கும்.

முன்பக்கக் கதவு மெஷின் என்றால் இன்னும் மோசம். அதில் துணி மேலே போய்த் தொப்பென்று விழுவதால்தான் அழுக்கு கழல்கிறது. நடுவில் நுரை மெத்தை போட்டு உட்கார்ந்துகொண்டால் அந்த அடியே விழாது. அதனால்தான் அந்த மெஷின்களுக்கு நுரை குறைந்த தூளைத் தனியாகத் தயாரிக்கிறார்கள்.

உப்புத் தண்ணீர் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சாதாரண சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காகத் துணியில் படியும். டிடர்ஜென்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆகவே கட்டி சோப்பை விட்டு டிடர்ஜென்ட் தூளுக்கு மாறுங்கள், அளவைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம்.

பெயர் வேண்டாம் என்றவர்: துவைத்துக் காய்ந்த டீஷர்ட்டில் வாடையே இல்லை. போட்டுக்கொண்டு கொஞ்சம் வேர்த்ததும் மக்கல் வாடை வருகிறது. நான் குளிப்பதில்லை என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

பதில்: நீங்கள் எத்தனை தடவை குளித்தாலும் அது போகாது, ஏனென்றால் வாடை டீஷர்ட்டில் இருக்கிறது. துவைத்த துணியில் வரும் மக்கல் வாடைக்கு மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். துணியில் மிஞ்சிய வியர்வையும் தோல் எண்ணெயும் அதற்குத் தீனி. துணி காய்ந்தாலும் அது சாவதில்லை. மறுபடி ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். வேர்த்தவுடன் நாறுவது அதனால்தான்.

பாலியஸ்டர் டீஷர்ட்டா என்று பாருங்கள். பருத்தியைவிடப் பாலியஸ்டர் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும் இழை. ஆக்சிஜன் ப்ளீச் என்று விற்கும் சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, டீஷர்ட்டை ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிறகு வழக்கம்போல் துவையுங்கள். சாயம் தாங்குமா என்று உள்விளிம்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. துண்டு, உள்ளாடை போன்ற பருத்தித் துணி என்றால், லேபிள் அனுமதித்தால் 60 டிகிரி தண்ணீரே போதும். வாசனைத் திரவம் ஊற்றி மறைக்கப் பார்க்காதீர்கள், ரெண்டு வாடையும் சேர்ந்து வரும். அதைவிட முக்கியம், துணி சீக்கிரம் காய வேண்டும். ஈரமாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் கிருமிக்குத்தான் லாபம். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

ஒற்றை அறைவாசி: வெயிலே எட்டிப்பார்க்காத அறை. உள்ளேயே கொடி கட்டியிருக்கிறேன். ரெண்டு நாள் ஆகியும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கிறது.

பதில்: வெயில் இருந்தால் உதவிதான், ஆனால் அது இல்லாமலும் காயும். துணியை ஒட்டி நிற்கும் காற்று ஈரத்தை வாங்கிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிரம்பிவிடும், அப்புறம் வாங்காது. அந்தக் காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவந்தால் போதும். மின்விசிறியைக் கொடிக்கு நேராகத் திருப்பி, ஜன்னலையோ கதவையோ திறந்துவையுங்கள். எல்லாம் மூடிய அறையில் விசிறி மட்டும் சுற்றினால் அதே ஈரக்காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும்.

கொடிக்குப் போகும் முன்பே பாதி வேலையை முடித்துவிடலாம். பிழிந்த துணியை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, ரெண்டையும் சேர்த்துப் பாய்போல் சுருட்டி, சுருளின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். பிரித்துப் பார்த்தால் துண்டு கனத்திருக்கும், துணி இலேசாகியிருக்கும். மெஷின் இருந்தால் இன்னொரு முறை சுழலவிடுங்கள்.

ஜீன்ஸை நடுவில் மடித்துக் கொடியில் போட்டால் நாலு அடுக்குத் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பைகளை வெளியே இழுத்துவிட்டு, இடுப்புப் பட்டியை ரெண்டு கிளிப்பால் தனித்தனியாகப் பிடித்து மாட்டுங்கள். வாய் திறந்த குழாய் மாதிரி நிற்க வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும் தொடக் கூடாது. தலைமூடி வைத்த மேல்சட்டையைத் தலைகீழாக மாட்டுங்கள். இல்லாவிட்டால் மூடி முதுகில் படிந்து, அந்த இடம் மட்டும் கடைசிவரை காயாது. ரெண்டு துணிக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். இடம் போதவில்லை என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் துவைக்காதீர்கள், வேறு வழி இல்லை.

காய்ந்துவிட்டதா என்று துணியின் நடுவில் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை. தையல் மடிப்பிலும் பட்டியிலும் தொடுங்கள். அங்கே சில்லென்று இருந்தால் அலமாரிக்குள் வைக்க வேண்டாம்.

கல்லூரி மாணவி: சிவப்பு டீஷர்ட்டோடு வெள்ளைக் குர்தாவைப் போட்டுவிட்டேன், ரோஸ் நிறமாகிவிட்டது. புதுத்துணியை உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே, உண்மையா அக்கா?

பதில்: வாங்கிவந்த துணியில் உப்பும் வினிகரும் சாயத்தைக் கட்டிப்போடாது. சாயமேற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, அது ஆலையோடு முடிந்துவிட்டது. புதுத்துணியின் உள்விளிம்பை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். நிறம் ஒட்டினால் அதைத் தனியாகத் துவைக்க வேண்டும். குர்தாவைக் காயவிடாதீர்கள், ஈரத்தோடே ஆக்சிஜன் ப்ளீச் கரைசலில் சில மணி நேரம் போடுங்கள். பருத்தி என்றால் பெரும்பாலும் நிறம் இறங்கும். காய்ந்து இஸ்திரியும் போட்டாகிவிட்டது என்றால் கஷ்டம்.

அலுவலகம் போகிறவர்: வெள்ளைச் சட்டையின் அக்குள் மஞ்சளாகிவிட்டது. ப்ளீச் ஊற்றினேன், இன்னும் மஞ்சளானது.

பதில்: வியர்வை வராமல் தடுக்கும் பூச்சுகளில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து வரும் கறை அது. குளோரின் ப்ளீச் அதை மோசமாக்கும். இதற்கும் ஆக்சிஜன் ப்ளீச்தான். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு சட்டையை மாட்டுங்கள்.

ப்ளீச் பேச்சு வந்ததால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளோரின் ப்ளீச்சோடு வினிகரையோ எந்த அமிலத்தையுமோ சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். அமோனியா கலந்த திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின் வரும். ரெண்டும் நுரையீரலைப் பதம் பார்க்கும் நச்சு. ஒன்று போதவில்லை என்று இன்னொன்றையும் ஊற்றிப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பட்டுக்கும் கம்பளிக்கும் குளோரின் ப்ளீச் தனியாகவும் ஆகாது, இழையையே அரித்துவிடும்.

ரத்தக்கறை, எண்ணெய்க்கறை, பேனா மை என்று கேட்ட மூவருக்கும் சேர்த்து: ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் இறுகி இழையோடு பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்குப் பாத்திரம் தேய்க்கும் திரவத்தை ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துவையுங்கள். மைக்கு, கறைக்கு அடியில் பழந்துணி வைத்து, ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும். எந்தக் கறையானாலும் போய்விட்டது என்று உறுதியாகும் வரை இஸ்திரி போடாதீர்கள்.

கம்பளி மேல்சட்டை பொம்மைச் சட்டை ஆகிவிட்டது என்றவர்: திரும்பப் பெரிதாக்க முடியுமா?

பதில்: முடியாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். இனிமேல் குளிர்ந்த தண்ணீரில் கம்பளிக்கான திரவம் விட்டு, கசக்காமல் அமுக்கி எடுத்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும்.

லேபிள் புரியவில்லை என்றவர்: தொட்டி, முக்கோணம், சதுரம் எல்லாம் என்ன?

பதில்: தொட்டி என்றால் துவைக்கலாம், உள்ளே இருக்கும் எண் தண்ணீரின் உச்ச வெப்பம். தொட்டிக்குள் கை இருந்தால் கையால் மட்டும். முக்கோணம் ப்ளீச்சுக்கு, உள்ளே ரெண்டு சாய்கோடு என்றால் ஆக்சிஜன் ப்ளீச் மட்டும். சதுரம் காயவைப்பதற்கு: உள்ளே வட்டம் என்றால் ட்ரையர், செங்குத்துக் கோடு என்றால் கொடி, படுக்கைக் கோடு என்றால் தட்டையாக விரிப்பது, மூலையில் சாய்கோடு என்றால் நிழல். சதுரம் இல்லாத தனி வட்டம் சலவைக்கடைக்காரருக்கு. எதன் மேலாவது பெருக்கல் குறி போட்டிருந்தால் அதைச் செய்யக் கூடாது.

துண்டு தண்ணீரை உறிஞ்சவில்லை என்றவருக்கு: மென்மையாக்கும் திரவத்தை நிறுத்துங்கள். அது இழைமேல் மெழுகுப் பூச்சாகப் படிகிறது. மெஷினே நாறுகிறது என்றவருக்கு: கதவின் ரப்பர் மடிப்பை விரித்துத் துடையுங்கள், வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், துவைத்த பின் கதவைத் திறந்தே வையுங்கள். ரொம்பச் சின்னக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் மட்டும் கதவில் ஒரு கண் இருக்கட்டும், உள்ளே ஏறிவிடுவார்கள்.

ஒரு அப்பா: பத்து வயதுப் பையனுக்குச் சொல்லித்தரலாமா மேடம்? என் மனைவி இன்னும் நாள் போகட்டும் என்கிறாள்.

பதில்: தாராளமாக. கைக்குட்டை, சாக்ஸ் ரெண்டையும் அவன் பொறுப்பில் விடுங்கள். சாக்ஸை உள்பக்கம் திருப்பித் துவைக்கச் சொல்லுங்கள், அழுக்கு அங்கேதான். தூளை நீங்களே அளந்து கொடுங்கள். பிள்ளைகளுக்கும் நுரை என்றால் கொண்டாட்டம். ப்ளீச் பாட்டிலை அவன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முதல் வாரம் சாக்ஸில் சோப்பு மிச்சம் இருக்கும், நீங்கள் எடுத்து மறுபடி அலசாதீர்கள். காலில் அரித்தால் அவனே வந்து கேட்பான்.