பூராடத்துக்குப் பின்னால் ஓடுகிறவை

கேள்வி: பால்வீதியின் நடுப் புடைப்பில் விண்மீன்கள் நொடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தாத்தா தேரிக்காட்டில் படுத்துக்கொண்டு பார்த்த பூராடம் இன்றும் அதே இடத்தில்தானே நிற்கிறது? அப்புறம் எதை வைத்து அளந்தார்கள்?
- ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: அண்ணாச்சி, தாத்தா பார்த்த பூராடம் புடைப்பிலேயே இல்லை, சில நூறு ஒளியாண்டுத் தூரத்தில் குறுக்கே நிற்கிறது. புடைப்பு, அதாவது பால்வீதியின் நடுவில் விண்மீன்கள் நெருக்கமாகத் திரண்டிருக்கும் வீக்கம், இருப்பது ஏறக்குறைய அதே திசையில், சுமார் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால். அங்குள்ள தனி விண்மீன் எதுவும் வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாது, போதாததற்கு நடுவில் தூசி வேறு. தனுசின் அம்பு முனைக்குப் பக்கத்தில் மட்டும் தூசி கொஞ்சம் குறைவு. வானியலாளர் வால்டர் பாடே 1940-களில் அதன் வழியாகத்தான் உள்ளே பார்த்தார், இன்றும் அதற்குப் பாடே சாளரம் என்றே பெயர்.

நம்மை நோக்கி வருவதையும் விலகிப் போவதையும் அளப்பது சுலபம். விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் தெரியும் நிறமாலைக் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், தூரம்கூடத் தெரிய வேண்டாம்.

குறுக்குவாட்டு ஓட்டம்தான் உயிரை வாங்கும். ஆண்டுக்கு 3 மில்லி ஆர்க்செகண்ட் அளவில்தான் இடம் மாறும் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆர்க்செகண்ட்). நெல்லையிலிருந்து பார்க்க, டெல்லியில் ஒருவர் கையிலிருக்கும் தீப்பெட்டியின் அகலம்தான் அது! 1950-லும் 1983-லும் எடுத்த புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டு 1992-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த 33 ஆண்டில் நகர்ந்தது 0.1 ஆர்க்செகண்ட், ஆனால் காற்று மண்டலம் ஒவ்வொரு விண்மீனையும் ஏறக்குறைய 1 ஆர்க்செகண்ட் அகலத்துக்குக் கலைத்து வைத்திருக்கும், ஆக அந்தப் பொட்டின் நடுப்புள்ளியைத் துல்லியமாகக் கண்டுபிடிப்பதில்தான் வேலை முழுக்க இருக்கிறது.

சரி, எதிலிருந்து நகர்ந்தது? அசையாத குறியாகத் தொலைதூர கேலக்ஸிகளை வைக்கலாமென்றால் தூசியும் விண்மீன் நெரிசலும் அவற்றை மறைத்துவிடும். அதனால் அந்தத் தகடுகளில் விண்மீன்களின் சராசரியையே அசையாததாக வைத்தார்கள். மொத்தக் கூட்டமும் சேர்ந்து நகர்ந்தால் இந்தக் கணக்கில் தெரியவே தெரியாது. எனக்கென்னவோ இதுதான் பெரிய குறை.

காற்றுக்கு மேலே இருக்கும் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்கு இவ்வளவு காத்திருப்பு வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டுப் படங்களிலிருந்து சுமார் 10,000 சூரியன் போன்ற விண்மீன்களை அளந்து 2018-ல் சொன்னார்கள்: உலோகம் (வானியலில் ஹீலியத்தைவிடக் கனமான தனிமம் எல்லாமே உலோகம்தான்) அதிகமுள்ளவை, குறைந்தவற்றைவிட வேகமாகப் பால்வீதியின் மையத்தைச் சுற்றுகின்றன.

நீங்கள் கேட்ட கிலோமீட்டர் கணக்கு, அந்த 3 மில்லி ஆர்க்செகண்டைத் தூரத்தோடு பெருக்கி வருவது, நொடிக்கு 110-ஐ ஒட்டி. தூரத்தில் பத்து சதவீதம் பிசகினால் வேகமும் பத்து சதவீதம் பிசகும்.