கடற்கரையிலும் இடுப்பளவுத் தண்ணீரிலும் தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?

காய்ந்த மணலில் மட்டும் தேடுவதென்றால் ஏறக்குறைய எந்த டிடெக்டரும் போதும். சிக்கலே ஈர மணலில்தான். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அலைவரிசையில் இயங்கும் சாதாரணக் கருவி அதையே உலோகம் என்று எடுத்துக்கொண்டு கத்தித் தீர்த்துவிடும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் சத்தம் அடங்கும், கூடவே ஆழமும் போய்விடும்.

அதனால் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் இயங்குவதைப் பாருங்கள். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 900, நோக்டா லெஜண்ட் இரண்டும் இந்த ரகம். விட்டு விட்டு மின் துடிப்புகளை அனுப்பித் தேடும் பல்ஸ் இண்டக்‌ஷன் கருவி உப்பைப் பெரிதாகப் பொருட்படுத்தாது, ஆழமும் பார்க்கும். ஆனால் துருப்பிடித்த ஆணியையும் மோதிரத்தையும் பிரித்துச் சொல்வதில் ரொம்பவே சுமார். தோண்டச் சலிக்காதவர்களுக்குச் சரி.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தால் எந்தப் பாகம் என்று கேளுங்கள். சிலவற்றில் அடியில் இருக்கும் வட்டமான காயில் (coil) மட்டும்தான் நனையலாம், திரையும் பட்டன்களும் உள்ள கன்ட்ரோல் பாக்ஸ் நனைந்தால் கதை முடிந்தது. ஈக்வினாக்ஸ் 900 முழுவதுமே 5 மீட்டர் வரை தாங்கும். தலையை முக்கித் தேடுவீர்கள் என்றால் வயர்லெஸ் ஹெட்ஃபோன் உதவாது, வயர் உள்ளதுதான் வேண்டும்.

இன்னொன்று, அலுமினியத்தை ஒதுக்கும்படி செட் செய்யாதீர்கள். குளிர்பான கேனின் இழுப்பு வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் திரையில் உலோக வகையைக் குறிக்கும் எண்ணாகப் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து எண்களைத்தான் காட்டும்; ஒன்றை ஒதுக்கினால் மற்றதும் தப்பிவிடும்.