நன்றி மெயில் போட்டால் ஐஸ் வைப்பதாக நினைப்பாரா?

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன் அக்கா. எம்.ஐ.டி.க்கு விண்ணப்பித்திருக்கிறேன் (அமெரிக்காவில் இருப்பது, குரோம்பேட்டை இல்லை!). சனிக்கிழமை, அங்கே படித்த ஒருவர் ஜூமில் முக்கால் மணி நேரம் என்னை நேர்காணல் செய்தார். நன்றி சொல்லி ஒரு மெயில் போடலாம் என்றால் அண்ணன் "ஐஸ் வைக்கிறியா?" என்கிறான். அப்பாவோ மார்க் ஷீட், சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அதோடு அனுப்பச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேட்காதே தம்பி. மெயில் போடு, ஆனால் வெறும் மெயில்.

உன்னிடம் பேசியவர் அந்தக் கல்லூரியில் சம்பளத்துக்கு இருப்பவர் இல்லை, எப்போதோ அங்கே படித்து முடித்துவிட்டு, இப்போது தன் வேலை, குடும்பத்துக்கு நடுவில் சனிக்கிழமையை உனக்காக ஒதுக்கியவர். உன்னைப் பற்றி ஓர் அறிக்கை எழுதி அனுப்புவதோடு அவர் வேலை முடிந்தது. இடம் கொடுப்பது அட்மிஷன் கமிட்டி. அதனால் ஐஸ் வைத்தாலும் உருகி ஓடிவிடும், பயப்படாதே. மார்க் ஷீட்டெல்லாம் விண்ணப்பத்தோடு அலுவலகத்துக்குப் போயிருக்கும், அவரிடம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஸ்வீட் பாக்ஸ், பட்டு அங்கவஸ்திரம் மாதிரி யோசனைகள் வீட்டில் கிளம்பினால் அதையும் முளையிலேயே கிள்ளிவிடு.

எழுதும்போது நம் பள்ளிக்கூட லீவ் லெட்டர் இங்கிலீஷ்தான் பெரிய எதிரி. 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஆரம்பித்து 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'யில் முடித்தால், காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு கேட்பது போலவே இருக்கும். 'டியர் மிஸ்டர்' போட்டு அவர் பெயர், அவ்வளவு போதும். பெயருக்கு முன்னால் இனிஷியல் இருந்தால் அதை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எழுது. அவரே தன் மெயிலில் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால்கூட முதல் தடவை மிஸ்டர் போடுவதில் தப்பில்லை.

அப்புறம், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று ஒரு வரி. அடுத்து, அந்த முக்கால் மணி நேரத்தில் உங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று: அவர் ஹாஸ்டல் சமையலைப் பற்றிச் சொன்ன கதையோ, நீ செய்த ஏதாவது ப்ராஜெக்டைப் பற்றி அவர் கேட்டு நீ முழித்த கேள்வியோ. அன்று ராத்திரி அதற்கு விடை தேடிப் பார்த்திருந்தால் அதையும் ரெண்டு வரியில் எழுது. சாட்ஜிபிடியால் எழுத முடியாத இடம் இதுதான், அதனிடம் கொடுத்தால் 'ஆழ்ந்த நன்றியறிதலுடன்' என்று பத்தி பத்தியாகக் கொட்டும். மொத்தம் ஐந்தாறு வரி. இன்றைக்கே அனுப்பு, ஒரு வாரம் கழித்துப் போனால் அவருக்கு உன் முகமே மறந்திருக்கும்.

பதில் வராமலும் போகலாம். 'மெயில் கிடைத்ததா சார்?' என்று இன்னொன்று போடாதே, வாட்ஸ்அப்பில் தேடிப் பிடிக்கவும் வேண்டாம்.

இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆக்ஸ்ஃபோர்டில் நேர்காணல் எடுப்பதே பாடம் நடத்தும் ஆசிரியர்கள்தான், அங்கே நன்றி மெயிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஐ.ஐ.எம். நேர்காணல் குழுவிடம் எழுந்திருக்கும்போது தேங்க்யூ சொன்னால் சரி.

எம்.ஐ.டி. ரிசல்ட்டை மார்ச் 14-ஐ ஒட்டி, பை தினத்தில் (கணக்கில் வரும் 3.14-ஐ நினைவூட்டும் நாள்) வெளியிடுவது வழக்கம். நமக்கு அது விடிகாலை நேரமாக இருக்கும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு ஒரு வரி எழுதிப் போடு.