கேளுங்கள், சொல்கிறோம்: சைக்கிள் ரோந்து

ஜீப்பும் பைக்கும் இருக்கும்போது போலீஸுக்கு சைக்கிள் எதற்கு?
வாசகர், திருவல்லிக்கேணி

உங்கள் பகுதிச் சந்துகளில் ஜீப் நுழையாது. பைக் நுழையும், ஆனால் அதன் சத்தம் தெருமுனையிலேயே திருடனை உஷார்படுத்திவிடும். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் வருபவருக்கு ஷட்டரை நெம்பும் ஓசை கேட்கும், உடைந்த பூட்டு கண்ணில் படும். கடைக்காரர் கூப்பிட்டால் அப்படியே காலூன்றிப் பேசலாம். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் போலீஸ் 1987-ல் சைக்கிளை மறுபடி கையிலெடுத்ததற்கும் காரணம், நெரிசலில் கார்கள் நகர முடியாமல் நின்றதுதான். துரத்திப் பிடிக்க மட்டும் இது உதவாது. திருடன் பைக்கில் ஏறிவிட்டால் வண்டி எண்ணையும் போன திசையையும் வாக்கிடாக்கியில் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் ஸ்டேஷனுக்கு இரண்டு சைக்கிள் வாங்கித் தர விரும்புகிறது. எப்படிப்பட்டது வாங்கலாம்?
செயலாளர், அடையாறு

நல்ல காரியம். முதலில் இன்ஸ்பெக்டரிடம் எழுத்துமூலம் கேட்டு, ஓட்டப்போகிறவர்களின் உயரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தரை அடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் ஒரே ஃபிரேம் வாங்கினால் ஒருவருக்கு முழங்கால் வலிக்கும், இன்னொருவருக்கு முதுகு வலிக்கும். வண்டி மூலைக்குப் போய்விடும்.

21 கியர் வேண்டவே வேண்டாம். சென்னை சமதரை, மேம்பாலம் ஏற, பின்னால் 7 கியர் தாராளம். மலிவு விலை முன் ஷாக் அப்சார்பரும் வீண் கனம்தான், சீக்கிரம் துருவும் ஏறும். அந்தப் பணத்தில் டிஸ்க் பிரேக் வாங்குங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் மழையில் வழுக்கும். டயர் 26 அங்குலம், 1.95 அகலம், நடுவில் வழவழப்பான பட்டை உள்ளதாக இருக்கட்டும். காற்று 45 முதல் 50 பவுண்டு. போலீஸ்காரர் சாமான்களோடு ஏறும்போது பின்சக்கரத்துக்குத்தான் பாரம் அதிகம். அதற்கு 36 கம்பி உள்ள சக்கரம் கேளுங்கள். மட்கார்டு, கேரியர், செயின் கவர், முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், கைப்பம்பு, ஒரு மாற்று டியூப் எல்லாம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

சீட் உயரம் பார்ப்பது எளிது. பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் தானாக லேசாக மடங்கும்.

கடலோர ஸ்டேஷன்களில் சைக்கிள்கள் ஏன் சில மாதங்களிலேயே துருப்பிடித்து நிற்கின்றன?
வாசகி, பெசன்ட் நகர்

உப்புக்காற்று பாதிக் காரணம். யாருடைய பொறுப்பும் இல்லாமல் கிடப்பது மீதி. ஒரு சைக்கிளை இன்ன காவலருக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் நிலைமை மாறும். கடற்கரை ரோந்து முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். வாரம் ஒருமுறை செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்க எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள். துடைக்காவிட்டால் மணல் ஒட்டிக்கொண்டு பல்சக்கரத்தை அரத்தால் ராவுவது போல ராவிவிடும். செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்கும். அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) கூடியிருந்தால் உடனே மாற்றுங்கள்; தள்ளிப்போட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்ற நேரும். உதிர் மணலில் ஓட்டவே கூடாது. மெரினாவிலும் உட்சாலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சைக்கிளில் லத்தியை எப்படி வைப்பது?
காவலர் குடும்ப வாசகர், புதுப்பேட்டை

ஹேண்டில்பாரில் குறுக்கே வைத்தால் திருப்பும்போது முழங்காலில் இடிக்கும், சந்தில் சுவரில் மாட்டும். மேல்பாரோடு நீளவாக்கில் இரண்டு வெல்க்ரோ பட்டையால் கட்டினால் ஒரே இழுப்பில் கைக்கு வரும். சந்தேகத்துக்குரிய ஆளை நிறுத்தும்போது அவருக்கு எதிர்ப்பக்கமாக இறங்க வேண்டும். இடையில் சைக்கிள் இருந்தால், அவர் பாய்ந்தாலும் ஒரு நொடி கிடைக்கும்.

ஊருக்குப் போகும்போது எங்கள் தெருவிலும் ரோந்து வரச் செய்ய முடியுமா?
வாசகி, பெரம்பூர்

முடியும். புறப்படும் முன்பே ஸ்டேஷனில் முகவரி, போகும் தேதி, திரும்பும் தேதி, பக்கத்து வீட்டுக்காரர் எண் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். பால், பேப்பரை நிறுத்திவிடுங்கள். வாசல் விளக்கைப் பகலிலும் எரியவிட்டுப் போகாதீர்கள்; ஆள் இல்லை என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அவசரத்துக்கு 100 அல்லது 112.