ஜன்னலுக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வியும் பதிலும்

(மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் 32 ஆண்டுகள் பணியாற்றி 2016-ல் ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.)

ஐயா, எனக்கு வயது 34. 2012-ல் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்தேன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். அரசு வேலைதான் நிலையானது என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால் 2018-ல் அதை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். குரூப் 4 நான்கு முறை, குரூப் 2 இரண்டு முறை எழுதியாயிற்று. ஒவ்வொரு முறையும் கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறேன். தனியார் வேலைக்குப் போனால், 'ஏழு வருடம் என்ன செய்தீர்கள்?' என்கிறார்கள். வாய் அடைத்துப்போகிறது. நாள் முழுக்க நேரம் இருக்கிறது, ஆனால் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். வண்டி ஊருக்கு வரும்போது சும்மா போய் கம்ப்ரஸர், ஹைட்ராலிக் பம்ப் வேலைகளைப் பார்த்துக் கொடுப்பேன். மற்றபடி வீட்டில்தான். அப்பாவோடு பேச்சு குறைந்துவிட்டது. கல்யாணங்களுக்குப் போயே மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இருந்து என்ன பயன் என்று சில இரவுகளில் தோன்றுகிறது.
– பெயர் வேண்டாம், திருச்செங்கோடு

தம்பி, கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி ஓர் இரவு மறுபடி வந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மனஸ் என்று பெயர், அரசின் இலவச மனநல உதவி எண். எந்நேரமும் தமிழில் பேசலாம். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போக நாம் கூச்சப்படுவதில்லை, இதற்கும் வேண்டாம். மீதியைப் பகலில் பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற சொல் 'சும்மா'. உங்கள் ஊர் ரிக் வண்டி போகாத இடம் உண்டா? வடக்கே யாத்திரை போனபோது மத்தியப் பிரதேசத்தில் ஒரு வறண்ட காட்டில் டி.என். 34 என்ற உங்கள் ஊர் எண்ணோடு ஒரு வண்டி ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்த் தமிழில் பேசிவிட்டு வந்தேன். அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் பழுதாகி நின்றால் எவ்வளவு நட்டம் என்று அக்கா வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அந்த நட்டத்தை மிச்சப்படுத்துகிறவர் நீங்கள். அதைச் 'சும்மா' என்று எழுதுகிறீர்கள். மைத்துனர் என்பதால் கூலி கேட்கக் கூச்சம். கூலி வாங்காததால் அது வேலை என்று உங்களுக்கே தோன்றாமல் போய்விட்டது.

இந்த மாதத்திலிருந்து கூலி வாங்குங்கள். உறவுக்குக் குறைத்து வாங்கினாலும் வங்கிக் கணக்கில் வாங்குங்கள். எந்த வண்டி, என்ன பழுது, எந்த பாகம் மாற்றியது, எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். ஆறு மாதத்தில் அந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பு உங்கள் பயோடேட்டாவின் முதல் பக்கத்துக்கு இருக்காது. நேர்காணலில் கேட்டால் இரண்டே வாக்கியம்: "அரசுத் தேர்வுகளுக்குப் படித்தேன், கிடைக்கவில்லை. அதே காலத்தில் ரிக் வண்டிகளின் கம்ப்ரஸர், ஹைட்ராலிக் வேலைகளைப் பார்த்துவந்தேன், இதோ விவரம்." மூன்றாவது வாக்கியம் சொல்லாதீர்கள். அதில்தான் எல்லோரும் மன்னிப்புக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

அந்த ஏழு ஆண்டுகளிலும் ஏறக்குறைய மூன்று உங்கள் கணக்கில் வராது. 2019 செப்டம்பரில் குரூப் 4 நடந்தது. அடுத்தது 2022 ஜூலை 24-ம் தேதிதான். இடையில் கொரோனா. முதலில் அறிவித்தது 7,301 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர், முடிவு வந்தது 2023 மார்ச்சில். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர். அந்த முந்நூறில் முதலாவதாக வராததற்காகத்தான் மூன்று ஆண்டுகளாகக் கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கிறீர்கள்.

படிக்க முடியவில்லை என்பதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, ஊர் முழுக்க ஓய்வு நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம்கூடத் தளர்ந்திருந்தது. போக ஓர் இடமும் வர ஒரு நேரமும் இல்லாத நாளில் மனம் எதிலும் நிற்பதில்லை. எங்கள் அலுவலக ஜன்னலில் நானும் அதைப் பார்த்திருக்கிறேன். வரிசையே இல்லாத நாளிலும் சிலர் நகர மனமில்லாமல் நின்றுகொண்டிருப்பார்கள்.

தேர்வை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், நானே தேர்வெழுதி உள்ளே போனவன். 1979-ல் பி.எஸ்சி. முடித்து 1984-ல்தான் ஆர்டர் வந்தது. கடைசி மூன்று ஆண்டுகள் கோபிச்செட்டிபாளையத்தில் ஓர் அரிசி மண்டியில் கணக்கு எழுதினேன். காலை ஐந்து முதல் ஏழு வரை மட்டும் படிப்பு. நாள் முழுக்கப் படித்த காலத்தில் ஏறாத கணக்கு அந்த இரண்டு மணி நேரத்தில் ஏறியது. நீங்களும் வேலைக்குப் போய்க்கொண்டே இன்னும் இரண்டு தேர்வு எழுதுங்கள். எந்த இரண்டு என்று இப்போதே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய மௌனத்தில் பாதி, இது எப்போது முடியும் என்று தெரியாததால் வருவது.

அப்புறம், பழைய பம்ப் கம்பெனி நண்பர்களுக்குப் பேசுங்கள். பயோடேட்டாவை நூறு இடத்துக்கு அனுப்புவதைவிட அது பலன் தரும். அடுத்த முகூர்த்தத்துக்கும் போய் வாருங்கள். "என்ன பண்ணுகிறாய்?" என்று பந்தியில் எவராவது கேட்டால், "ரிக் சர்வீஸ்" என்று சொல்லிவிட்டு இலையைப் பாருங்கள்.

2004-ல் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பி.எட். பதிவு செய்தேன். தவறாமல் புதுப்பித்து வருகிறேன். சீனியாரிட்டிப்படி எனக்கு எப்போது அழைப்பு வரும்?
– ஒரு வாசகி, அரியலூர்

அம்மா, இந்தக் கேள்விக்கு ஜன்னலுக்குப் பின்னால் இருந்தபோது 'வரும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து ஆள் எடுக்க வேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆசிரியர் பணிக்கோ 2012 முதல் தகுதித் தேர்வு. அதில் தேர்ச்சி பெற்றவர்களும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ல் அரசாணை எண் 149 வந்தது. பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருங்கள், அதனால் நட்டமில்லை. ஆனால், அழைப்பை எதிர்பார்த்து வேறு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தகுதித் தேர்வில் தேறியிருக்கிறீர்களா என்று எழுதவில்லையே? தேறியிருந்தால் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். தேறவில்லை என்றால், உங்கள் மாவட்ட அலுவலகத்திலேயே தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு, நூலகம் உண்டு. தகுதித் தேர்வுக்கு வகுப்பு உண்டா என்று கேளுங்கள்.

கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000 ரூபாய் என்று ஏஜென்ட் சொல்கிறார். ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். இரண்டு ஆண்டுகளாக வேலை இல்லை. போகலாமா?
– இளைஞர், பட்டுக்கோட்டை

போகாதீர்கள். அப்படிப் போனவர்களை அடைத்து வைத்து இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம் கேட்பவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வெளிநாடுதான் வேண்டுமென்றால் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள்.

என் மகன் தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புகிறான். நூலகத்தில் உட்கார்ந்திருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். விசாரித்ததில் கம்பெனியில் ஆள் குறைப்பாம், வேலை போய் இரண்டு மாதம் ஆகிறதாம். கேட்கலாமா, தெரியாததுபோல் இருக்கலாமா?
– ஒரு தாய், ஓசூர்

கேளுங்கள். நான் வேலை பார்த்த ஆலை 1980-ல் மூடியபோது 14 மாதம் நானும் இதையே செய்தேன். கிளை நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம், ஒரு மணிக்குச் சோறு, ஐந்தரைக்கு வீடு. என் அம்மாவுக்கு முதல் வாரமே தெரியுமாம். பிள்ளை மனம் நோகும் என்று கேட்காமலே சோறு கட்டிக் கொடுத்திருக்கிறார். என் கல்யாணம் முடிந்த பிறகுதான் சொன்னார். நல்லெண்ணம்தான், ஆனால் அந்த 14 மாதமும் நான் வேலை தேடியதைவிட வீட்டில் பொய் சொல்லத் தயாரானதே அதிகம்.

இரவு எல்லோரும் படுத்த பிறகு தனியாகக் கேளுங்கள், அவர் அப்பாவை வைத்துக்கொண்டு வேண்டாம். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்றும் கேளுங்கள். வேலை இழந்த தொழிலாளிக்குச் சராசரி தினச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தரும் திட்டம் அதில் இருக்கிறது, ஆயுளில் ஒருமுறைதான். நிபந்தனைகளை ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சொல்வார்கள், இந்த வாரமே போய் வரட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.